நானூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் நூல்

ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. பரிசலின் மூங்கில் விளிம்பில் விரலால் எழுதிப் பார்க்கிறேன், பனி ஈரத்தில் எழுதியது எழுதும்போதே கரைகிறது. பத்து மணிக்கு என் மேலதிகாரி ஞானசிகாமணி சாருக்கு இதைச் சொல்ல வேண்டும். எத்தனை இருக்கு பரிமளா, என்று கேட்பார், இருபது வருஷமாக அதே குரலில், நான் காய்கறிக் கடையிலிருந்து பேசுகிறேன் என்பது போல. இந்த அணையில் கருமுழிக் கெண்டை ஒரு லட்சத்துப் பதினோராயிரம் சார். உடனே ஒரு கூட்டத்துக்குள் போவார், அங்கே ஒரு தாளில் என் எண்ணை எழுதுவார்கள், லட்சத்துக்கு மேலே என்றால், ஆறு அணைக்குள் நுழைகிற ஆற்றுவாயில் மூன்று மாதம் வலை போடக்கூடாது என்று இப்போது இருக்கிற தடை நீங்கும், வெளியூர் மீன்குஞ்சுகள் லாரியில் வந்து அங்கேயே கொட்டப்படும். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் வருஷம் முழுக்கத் தடை. நடுவில் என்றால் உள்ளது உள்ளபடி. ஆக மொத்தம் ஒரு மீனுக்கு அது பிறந்த ஆற்றில் இடம் உண்டா இல்லையா என்பது என் வாயில் இருக்கிறது, எனக்கோ காலையில் ஒரு வாய் காப்பி குடித்தாலே பரிசலில் குமட்டும். மணி ஆறே முக்கால். கடைசியாக ஒருமுறை ஆற்றுவாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் எங்கள் இன்ஜின் படகு இருமிவிட்டு நின்றுபோனது, அதனால்தான் இங்கே மீன் பிடிக்கிற மாதம்மாளின் பரிசலில் உட்கார்ந்திருக்கிறேன், வலைக்கும் சோற்றுத் தூக்குக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டு. அவள் எதிரே குத்தவைத்துத் துடுப்புப் போடுகிறாள். அவள் புருஷன் சந்தைக்குப் போயிருக்கிறான். மூடுபனி தண்ணீரையும் வானத்தையும் ஒரே துணியாகத் தைத்துவிட்டது, நாங்கள் அதில் எங்கேயோ இருக்கிறோம்.

நல்ல எண்தான். எண்ணில் என்ன குறை? ஒரு மூட்டை வெள்ளரிசியில் எத்தனை அரிசி இருக்கிறது என்று எண்ண முடியாது, ஆனால் அதில் நானூறு சிவப்பரிசியைக் கலந்து, நன்றாகக் கிளறி, ஒரு படி அள்ளிப் பார்த்தால், படியில் எத்தனை சிவப்பு வருகிறதோ அதை வைத்து மூட்டையைச் சொல்லிவிடலாம். சிவப்பு அதிகம் வந்தால் மூட்டை சின்னது. சிவப்பே வரவில்லை என்றால் மூட்டை மலை. அவ்வளவுதான் என் படிப்பு, இதற்குத்தான் இவ்வளவு பெரிய பெயர்கள். போன வருஷத்துக்கு முந்தின ஆடியிலும் ஆவணியிலும் ஆற்றுவாயில் நானூற்றுப் பன்னிரண்டு கருமுழியைப் பிடித்து, முதுகுச் செட்டைக்குக் கீழே ஊசியேற்றி மஞ்சள் நூல் கட்டி, நூலில் ஒரு குட்டி எண்தகடு கோத்துத் திரும்ப ஆற்றில் விட்டேன். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், மீன் இறக்கும் கொட்டகையில் பதினாலு பரிசல்காரர்கள் கொண்டுவந்த கருமுழிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். என் சொந்த வலையில் விழுந்ததையும் சேர்த்து ஆயிரத்து எண்பது மீன். நூல் கட்டியது நாலே நாலு. நாலும் என் வலையில் விழுந்தவை. கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட. இந்த இடத்தில் என் மனம் தினமும் வந்து தடுக்கி விழுகிறது, நேற்றும் விழுந்தது, இப்போதும். ஏன் ஒன்றுகூட இல்லை? மூட்டை மலையாக இருக்கலாம். ஞானசிகாமணி சார் அப்படித்தான் சொன்னார், மீன் நிறைய இருந்தா சந்தோஷப்படும்மா, அழற மூஞ்சியா வெச்சுக்காத. சந்தோஷப்பட்டுத்தான் பார்த்தேன். அறிக்கையின் அட்டையில் முதல்முறையாக என் பெயர் வரப்போகிறது, இத்தனை நாள் மற்றவர்கள் பெயருக்குக் கீழே நன்றி என்ற பத்தியில் கிடந்த பெயர். வேலையும் இந்த மாசியோடு முடிகிறது. எண் வேண்டும். எண்ணில்லாமல் ஒன்றரை வருஷத்தை யாரிடம் காட்டுவது?

துடுப்பு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, சொட்டுகிறது. உள்ளே போகிறது. கீழே தொண்ணூறு அடி. எனக்கு நீச்சல் தெரியாது, இதைச் சொன்னால் சிரிப்பார்கள், இருபது வருஷம் தண்ணீரில் சம்பளம் வாங்கியவளுக்கு நீச்சல் தெரியாது. தெரியாததால்தானோ என்னவோ நான் எப்போதும் கீழேயே இருக்கிறேன். கண்ணை மூடினால் வரைபடம் விரிகிறது. அணைச்சுவர் ஓரம் வெறும் ஜிலேபி மீன், ஊரான் வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்த விருந்தாளி, அங்கே கருமுழி கிடையாது. நடு அணையில் ஒன்றிரண்டு, அதுவும் தண்ணீர் கலங்கிய நாளில். ஆற்றுவாயில்தான், பாறையும் மணலும் சேருகிற இடத்தில், ஓட்டம் இன்னும் ஆறாகவே இருக்கிற அந்த ஒன்றரை மைலில்தான் கூட்டம். அணை கட்டி இத்தனை காலமாகியும் அவற்றுக்கு இது ஆறுதான், எவனோ குறுக்கே சுவர் வைத்தான் என்று கோபித்துக்கொண்டு ஓட்டம் இருக்கிற பக்கமே முகம் வைத்து நிற்கின்றன. கையில் பிடித்தால் தெரியும் அந்தக் கோபம். உள்ளங்கை முழுக்க ஒரே தசை, குளிர்ந்து, வழுக்கி, திமிறி. கறுத்த விழி. மற்ற மீன் எங்கேயோ பார்க்கும், இது நம்மைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஊசி ஏற்றும்போது ஒருமுறை கூட நான் அந்தக் கண்ணைப் பார்த்ததில்லை, அளவு சொல்வேன், நீளம் இருபத்தாறு, எடை நானூற்றுப் பத்து, நீளம் இருபத்தெட்டு, எடை ஐந்நூறு, பதிவுக் கருவியில் முணுமுணுத்துக்கொண்டே, கண்ணைப் பார்க்காமல். போன வாரம் ஒரு கனவு. நாலு இல்லை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, சுழியால் வகுக்கிறேன், வகுக்க வகுக்க மீன் பெருகுகிறது, அணையில் தண்ணீருக்கு இடமில்லை, மதகு வழியாக மீனாக ஊற்றுகிறது, வயல்களில் மீன் நிற்கிறது, ஒன்றில்கூட மஞ்சள் நூல் இல்லை, நான் வரப்பில் நின்று என்னுடையதைக் காணோம், என்னுடையதைக் காணோம் என்று புரட்டிக்கொண்டே போகிறேன்.

அப்பாவுக்கு இந்த எண் பிடித்திருக்கும். அப்பா வாத்தியார், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அனுப்புவார்கள், குடையும் பையுமாகப் போவார். ஒரு வருஷம் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது, அக்கரையில் ஒரு குடியிருப்பு, ஆறேழு குடிசை தெரிகிறது, இக்கரையில் நின்று புகை எழும் கூரைகளை எண்ணி, கூரைக்கு ஐந்து பேர் என்று வைத்து முப்பத்தொன்று என்று எழுதினார். முப்பது என்று எழுதினால் சந்தேகம் வரும், அதனால் முப்பத்தொன்று. வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த ஒன்று யார் அப்பா என்று கேட்டேன். அம்மா மோர் ஊற்றினாள். அதற்கப்புறம் பல வருஷம் அந்த முப்பத்தொன்றாவது ஆளைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், இல்லாத ஆள், கூரைக்கு வெளியே மழையில் நிற்கிறவள், எனக்கு அது எப்போதும் ஒரு பெண். என்னுடைய லட்சத்துப் பதினோராயிரத்தில் எத்தனை பேர் அப்படி நிற்கிறார்களோ. இது நினைக்க வேண்டிய நினைப்பில்லை, மணி ஏழாகப் போகிறது, அப்பா போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷமாகிறது.

“ஏனுங் மேடம், இப்பிடிக்கா கொஞ்சம் சாஞ்சுக்குங்க. வலைய எடுத்துக்கறேன்” என்றாள் மாதம்மாள்.

சாய்ந்துகொண்டேன். பரிசல் ஒரு பக்கம் தாழ்ந்தது. ஆற்றுவாய்க்கு வந்துவிட்டோம், பனிக்குள் கரையோரம் முனியப்பன் சாமியின் வேல் மட்டும் தெரிந்தது, கீழே சாமிக்கல் தெரியவில்லை. அவள் மிதப்புக்கட்டையைப் பிடித்து வலையை மடிமடியாக இழுத்தாள். ஜிலேபி ஒன்று. ஜிலேபி இன்னொன்று. ஒரு கெளுத்தி. அப்புறம் ஒரு கருமுழி, நல்ல பெரியது, அரைக் கிலோ தேறும். வலைக்கண்ணில் செவுள் மாட்டித் திமிறியது, திரும்பியபோது முதுகில் மஞ்சள். என் நூல். பாசி படிந்து மங்கியிருந்தாலும் என் முடிச்சு எனக்குத் தெரியாதா, தகடுகூட இருந்தது, எண் படிக்க ஒரு முழம் எட்ட வேண்டும். ஐந்தாவது. ஐந்து என்றால் எண்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், லட்சம் போயிற்று, தடை போகாது, ஒரே ஒரு மீன், என்று மனம் வகுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை வேலை செய்துவிட்டது. வலைக்கண்ணை மெல்ல விலக்கி, மீனை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு கணம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தண்ணீரில் வைத்தாள். போட்டாள் இல்லை, வைத்தாள். அது ஒரு நொடி அங்கேயே நின்றது, அப்புறம் இல்லை. மாதம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒரு வேலையைச் சரியாகச் செய்தவள் சிரிப்பு.

“ஏன் மாதம்மா விட்டீங்க?” என்று கேட்டேன்.

“உடாம? காப்புக் கட்டி உட்டதுங்களே. முனியப்பனோடது. சாமிக்குன்னு காது அறுத்து உட்ட கிடாயப் புடிச்சு அடிப்பாங்களா யாராச்சும்?”

“இதுக்கு முன்னாடியும் விழுந்திருக்கா?”

“விழுகாமங்களா. எல்லாரு வலையிலயும் விழுகும். எல்லாருந்தான் உடறோம்.”

எல்லாருந்தான். பதினாலு பரிசல். காப்பு. நான் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது கலங்கிய தண்ணீரிலும் பளிச்சென்று தெரியும் என்று, கடையில் சிவப்பும் இருந்தது, பச்சையும் இருந்தது, மூன்று நாள் யோசித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்து மஞ்சளை எடுத்தேன். இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் மஞ்சள் நூல் கட்டினால் என்ன அர்த்தம் என்று. எனக்கும் தெரியும், நானும் இந்த மாதிரி ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே, என் மணிக்கட்டிலும் கட்டியிருக்கிறார்கள். தெரிந்தும் தெரியவில்லை, படித்த மண்டை. கொட்டகையில் அறிவிப்பு வேறு ஒட்டியிருந்தேன், மஞ்சள் நூல் கட்டிய மீனைக் கொண்டுவந்து காட்டுவோருக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு. நூறு டம்ளர் வாங்கி அறையில் அடுக்கியிருக்கிறேன், ஒன்றும் குறையவில்லை, நான் தினமும் ஒன்றில் தண்ணீர் குடிக்கிறேன். இப்போது என்ன செய்வது? இது சாமியுடையது இல்லை மாதம்மா, என்னுடையது என்று சொன்னால் நாளைக்கே எல்லாம் கொட்டகைக்கு வரும், எனக்குச் சரியான எண் கிடைக்கும், மீனுக்குக் காப்புப் போய்விடும், ஆற்றுவாயில் மீதியிருக்கிறதும் குழம்பாகும். சொல்லாவிட்டால் மீன் பிழைக்கும், ஆனால் என் எண் பொய், அந்தப் பொய் தடையை எடுத்துவிடும், அப்போதும் மீன் போகும். எப்படிச் சுற்றினாலும் மீன் தலையில்தான் விடிகிறது. வாயை மூடிக்கொண்டு பத்து மணிக்கு லட்சத்துப் பதினோராயிரம் என்று சொல்லலாம். பரிசலில் பார்த்ததை யார் பார்த்தார்கள்? இதை நினைத்த உடனே வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

“எத்தனை விட்டிருப்பீங்க, ஞாபகம் இருக்கா?” என்று ஏதோ பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டேன். இருக்காது என்றுதான் நினைத்தேன். இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் நல்லது என்றும்கூட.

“அது எப்பிடி மறக்குமுங்க? காப்பு மீன உட்ட அன்னிக்கு அடுப்புல மீன் ஏத்தக்கூடாதுல்லீங்? வலை நெறையா மீன் கெடந்தாலும் வித்துப்போட்டு வரணும், வூட்ல ஆக்கக்கூடாது. எங்க வூட்டுக்காரருக்குக் களிக்கு மீன் சாறு இல்லீன்னா தொண்டையில எறங்காது. ‘மறுக்காவும் கொள்ளுச் சாறா?’ன்னு கிண்ணிய நவுத்தி வெப்பாரு. போன சித்திரையில எங்க நாத்தனா வந்திருந்தா, அன்னிக்குன்னு பாத்து விழுந்துருச்சு. மீன் புடிக்கறவன் வூட்ல விருந்தாளிக்கு அவரைக்கா போட்டவ நான்தானுங்க.”

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருஷமாகக் கொட்டகையில் தேடிய கணக்கு அடுப்படியில் இருந்திருக்கிறது. பதினாலு வீடு, பதினாலு பெண்கள், எந்த நாள் மீன் ஆக்கவில்லை, அன்றைக்கு என்ன ஆக்கினேன், யார் முகத்தைச் சுளித்தார்கள், ஒன்றும் மறந்திருக்காது, சமைக்கிறவளுக்கு மறக்காது, எனக்கே போன பொங்கலுக்கு உப்பு அதிகமானது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு நாலைந்து என்று வைத்தால் ஓர் அறுபது. ஒரே மீன் இரண்டு தடவை விழுந்திருக்கும், அதற்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும், அது பிறகு. என் நாலோடு அறுபத்து நாலு. பார்த்த மீனோடு அந்த அறுபதும் சேர்ந்தால் ஆயிரத்து நூற்று நாற்பது, நானூற்றுப் பன்னிரண்டை அதால் பெருக்கி அறுபத்து நாலால் வகுத்தால் ஏழாயிரம். ஏழாயிரத்து முன்னூறு. லட்சத்துப் பதினோராயிரம் அந்த வேல் பக்கமாகப் பனியில் கரைந்து போயிற்று, மிச்சம் ஏழாயிரம், அணை முழுக்க. தொண்ணூறு அடி ஆழமும் அத்தனை மைல் அகலமும் கொண்ட தண்ணீருக்கு ஏழாயிரம். திடீரென்று கீழே எல்லாம் காலியாகத் தெரிந்தது. இவ்வளவு தண்ணீரை இவ்வளவு காலியாக நான் நினைத்துப் பார்த்ததில்லை, பயமாக இருந்தது, விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பத்தாயிரத்துக்குக் கீழே. வருஷம் முழுக்கத் தடை, இந்த இடத்தில், இப்போது மாதம்மாள் வலை எடுக்கிற இதே இடத்தில். பதினாலு வீட்டுக்கும் போய், அவர்கள் பக்தியைக் கேட்டு வாங்கி, அதை வைத்தே அவர்கள் வலையை மடிக்க வைக்க வேண்டும். நல்ல உத்தியோகம் எனக்கு.

மாதம்மாள் வலையை மறுபடி இறக்கிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். துடுப்பை எடுத்தவள் உடனே போடவில்லை. என்னவோ கேட்க வந்து, விழுங்கி, பிறகு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

“கேக்கக்கூடாதுதானுங்க. ஆனா மாசியோட போறீங்கன்னு சொல்லிக்கறாங்க, அதான் கேட்டர்றேன். பலிச்சுதுங்களா மேடம்?”

“என்ன பலிச்சுது?”

“உங்க வேண்டுதலு.”

எனக்குப் புரியவில்லை. பிறகு காலிலிருந்து ஏறி வருவது போலப் புரிந்தது.

“நான் கட்டினதுன்னு தெரியுமா?”

“தெரியாமங்களா? சாமியா வந்து ஊசில கோத்துக் கட்டும்? கிடாய்க்கும் ஆளுங்கதான காது அறுத்து உடறோம். ஆத்தோரம் நின்னு எல்லாருந்தான் பாத்தோம். அம்மாம் மீனுக்குக் கட்டறதுன்னா பெரிய வேண்டுதலாத்தான் இருக்கோணும், வூட்ல யாருக்கோ ஒடம்பு சொகமில்லையாட்ட இருக்குது, நாம போயிக் கேட்டா அந்தம்மா மனசு கஷ்டப்படும்னு எங்காளுங்க யாரும் வாயத் தொறக்கல. எங்க பெரியக்கா அப்பவே சொல்லிப்போட்டாங்க, அவங்க கட்டுனதுல ஒண்ணுகூடக் கொறையக் கூடாது, கொறஞ்சா பலிக்காதுன்னு. நீங்க என்னமோ டம்ளரு தர்றேன்னு எழுதிப் போட்டிருந்தீங்க. சோதிக்கறாங்களாட்ட இருக்குதுன்னு பேசிக்கிட்டோம். ஒரு டம்ளருக்கா அடுத்தவங்க வேண்டுதலக் கெடுப்போம்?”

ஆற்றோரம் நின்று பார்த்திருக்கிறார்கள். நானும் பார்க்கிறேன் இப்போது, அவர்கள் கண்ணால். ஆடி மாதம், தடைக் காலம், ஊரே வலையைச் சுருட்டி வைத்திருக்கும்போது ஒருத்தி மட்டும் ஆற்றுவாய்க்கு வருகிறாள். செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள், படகு கிடைத்தது அந்த இரண்டு நாள்தான். வெறும் வயிற்றோடு வருகிறாள், சாப்பிட்டால் குமட்டும். செருப்பைக் கரையில் கழற்றி வைக்கிறாள், படகில் வழுக்கும். முனியப்பன் வேலுக்கு நேரே படகை நிறுத்துகிறாள், கூட்டம் அங்கேதான். மீனை ஏந்துகிறாள், மஞ்சள் நூல் கட்டுகிறாள், புண் ஆறட்டும் என்று மஞ்சளைக் குழைத்துத் தடவுகிறாள், குனிந்து வாய்க்குள் முணுமுணுக்கிறாள், தண்ணீரில் விடுகிறாள். நானூற்றுப் பன்னிரண்டு தடவை. யார் பார்த்தாலும் இவளுக்கு என்னவோ தாங்க முடியாத குறை என்றுதான் நினைப்பார்கள். எனக்கு என்ன குறை? வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, வீட்டில் யாருமே இல்லை. ஓர் அட்டையில் பெயர் வர வேண்டும் என்று இருந்தது, அதை வேண்டுதல் என்று சொல்ல முடியுமா. ஒன்றரை வருஷம் கொட்டகையில் இவர்கள் மீனைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு பெண்ணின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை, மீன் எண்ணிக்கை மட்டும் எழுதினேன். இவர்கள் எனக்காகக் கொள்ளுச் சாறு குடித்திருக்கிறார்கள்.

“மாதம்மா, அது வேண்டுதல் இல்லீங்க” என்றேன்.

சொல்லிவிட்டேன். சிவப்பரிசி, வெள்ளரிசி, மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துடுப்பு நின்றது, நின்றதும் பரிசல் தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது, வேல் ஒரு பக்கம் வந்தது, போனது, கரை வந்தது, போனது. முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப நாங்க உட்டதெல்லாம்?”

“அதையும் சேத்து எண்ணியிருக்கணும். எண்ணாததால மீன் லட்சக்கணக்குல இருக்குன்னு வந்திருச்சு. தடைய எடுத்துருவாங்க, வெளியூர்க் குஞ்சக் கொண்டாந்து இங்க கொட்டுவாங்க. அப்புறம் கருமுழி இருக்காது.”

“சேத்து எண்ணுனா?”

“ரொம்பக் கம்மின்னு வரும். இந்த எடத்துல வருஷம் பூரா வலை போட விட மாட்டாங்க.”

“எங்களையுமா?”

“உங்களையும்தான்.”

பரிசல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டாலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன், நீச்சல் தெரியாது என்பதையும் நினைத்தேன். “ஒண்ணர வருஷம் கொள்ளுச் சாறு” என்றாள் கடைசியில், என்னிடம் இல்லை, தண்ணீரிடம். குரலில் கோபம் இருந்தது, அது எனக்கு வேண்டியதுதான். துடுப்பைப் பலமாகக் குத்தினாள், பரிசல் நேரானது, அணைப் பக்கம் திரும்பிப் போக ஆரம்பித்தோம். பனி மேலே மேலே கிழிந்து வெயில் சின்னச் சின்னதாக விழுந்தது. தண்ணீர் எங்கேயும் ஒரே நிறமாக இருந்தது, அதற்குள் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று ஒன்றும் காட்டாமல். அவள் முகத்தையும் என்னால் படிக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் நான் பேசாமலிருந்திருக்கலாம், பத்து மணி வந்திருக்கும், போயிருக்கும், மாசி முடிந்திருக்கும். வருத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். அட்டையில் பெயர் இல்லை, அறிக்கையே இல்லை, ஒன்றரை வருஷ உழைப்புக்கு, ‘ஊரைக் கேட்டு வருகிறேன் சார்’ என்று ஒரு பதில்தான்.

பாறை முக்கு தாண்டியதும் சிக்னல் வரும். வந்தது. கைப்பையில் போன் அடித்தது, இன்னும் எட்டுகூட ஆகவில்லை, ஞானசிகாமணி சாருக்குப் பொறுமை கிடையாது.

“சொல்லு பரிமளா, எத்தனை?”

“அந்த எண் தப்பு சார். கொட்டகையில எடுத்த கணக்குச் செல்லாது.”

“என்னம்மா உளர்ற? பத்து மணிக்குக் கூட்டம்.”

“கூட்டத்துல எண் இல்லைன்னு சொல்லிருங்க சார். நான் பதினாலு வீட்டுக்குப் போகணும். ஒவ்வொரு வீட்லயும் உட்காந்து கேக்கணும். அவங்க சொல்வாங்களோ மாட்டாங்களோ தெரியாது. அதுக்கப்புறம்தான்.”

அவர் கத்தினார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், ஆனாலும் ஆற்றுக்கே கேட்டது. பெயர், பொறுப்பு, மாசி, இனிமேல் உனக்கு, என்றெல்லாம் துண்டு துண்டாக வந்தது, சிக்னல் போனது. போனைப் பைக்குள் வைத்தேன். மாதம்மாள் துடுப்பைப் போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் கம்மியாகிவிட்டது என்று அவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், வலையை இழுக்கிற கைக்குத் தெரியாததா. எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பிறகு துடுப்பை மடியில் வைத்தாள்.

“பதினாலு இல்லீங்க” என்றாள். “பதிமூணு வூட்டுக்குப் போனாப் போதும். எங்க வூட்டுக் கணக்க இப்பவே எழுதிக்குங்க.”

நோட்டை எடுத்தேன். பக்கம் ஈரமாக இருந்தது, பேனா இரண்டு முறை வழுக்கியது. அவள் விரலை மடக்கி, முதல் கொள்ளுச் சாறிலிருந்து ஆரம்பித்தாள்.